சைக்கோபதியும் மனச்சிதைவு நோயும்: ராமன் ராகவ் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

மனநலப் பாதிப்புடன் வாழ்வோரும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு சொல் ‘சைக்கோ’. கொடிய குற்றம் செய்தவரையும் அச்சொல்லால் அழைக்கிறோம். மருந்து உண்டு அமைதியாக வீட்டில் வாழும் நோயாளியையும் அதே சொல்லால் குறிக்கிறோம். இரண்டு வேறுபட்ட நிலைகள் இந்த ஒரு சொல்லுக்குள் கலந்துவிட்டன. ஒன்று, சைக்கோபதி எனப்படும் ஆளுமைக் குறைபாடு. மற்றொன்று, மனச்சிதைவு நோய் போன்ற சிகிச்சைக்குரிய தீவிர மனநோய்.

இவ்விரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அறிய, இச்சொல்லால் அழைக்கப்பட்ட ஒருவரின் வாழ்க்கையே பொருத்தமான பாடமாக அமைகிறது. செய்தித்தாள்கள் ‘சைக்கோ ராமன்’ என்று அழைத்த ராமன் ராகவ் என்பவரின் வாழ்க்கை அது.

வாழ்க்கைப் பின்னணி

ராமன் ராகவின் பிறப்பு, வளர்ப்பு பற்றிய நம்பத்தகுந்த பதிவுகள் மருத்துவர்களுக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்ததா என்பதைச் சொல்ல உறவினர் ஒருவரும் முன்வரவில்லை. பள்ளிப் படிப்பு ஏறத்தாழ இல்லை. சிறுவயது முதலே திருட்டுப் பழக்கம் இருந்ததாகச் சிறைப் பதிவுகள் கூறின. கொள்ளைக் குற்றத்திற்காகச் சில ஆண்டுகள் சிறையில் இருந்தவர். சிந்தி தல்வாய், அண்ணா, தம்பி, வேலுசாமி எனப் பல பெயர்களில் அவர் அறியப்பட்டிருந்தார். பம்பாய் நகரின் நடைபாதைகளிலும், புறநகரை ஒட்டிய காட்டுப் பகுதியிலும் தனியே வாழ்ந்தார்.

1965, 1966ஆம் ஆண்டுகளில் பம்பாயின் கிழக்குப் புறநகர்ப் பகுதிகளில், இரயில் பாதையை ஒட்டிக் குடிசைகளிலும் நடைபாதையிலும் உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்கள் இரவில் தாக்கப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். அப்பகுதியில் திரிந்துகொண்டிருந்த ராமன் ராகவைக் காவல்துறையினர் பிடித்து விசாரித்தனர். போதிய சான்று இல்லாததால் விடுவித்தனர். 1968ஆம் ஆண்டு கொலைகள் மீண்டும் தொடர்ந்தன. காவல்துறை அதிகாரி ராமாகாந்த் குல்கர்னி தலைமையில் பெரும் தேடுதல் நடைபெற்றது. 1968 ஆகஸ்ட் 27 அன்று, உதவி ஆய்வாளர் அலெக்ஸ் ஃபியால்ஹோ, முன்னர் எடுக்கப்பட்டிருந்த நிழற்படத்தின் துணையால் அவரை அடையாளம் கண்டு கைது செய்தார்.

விசாரணையில் ராமன் ராகவ் பல கொலைகளை ஒப்புக்கொண்டார். மாலாட் பகுதியில் சிஞ்சோலி என்னுமிடத்தில் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது.

கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் கதவும் கூரையும் இல்லாத எளியவர்கள். அவர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் நேர்ந்த இழப்பு ஈடு செய்ய இயலாதது. நோயை விளக்குவது குற்றத்தைச் சிறிதாக்குவது ஆகாது. ஆயினும், நோயைப் பிழையாகப் புரிந்துகொள்வது மேலும் பலருக்குத் தீங்கு செய்கிறது என்பதாலேயே இவ்வாழ்க்கை இங்கே கூறப்படுகிறது.

இரு மருத்துவக் கருத்துகள்

1969ஆம் ஆண்டு அமர்வு நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கியபோது, அவர் மனநலம் குன்றியவர் என்றும், தம்மைத் தாமே தற்காத்துக்கொள்ள இயலாதவர் என்றும் அவருடைய வழக்கறிஞர் முறையிட்டார். நீதிமன்றம் அவரைப் பம்பாய்க் காவல்துறை மருத்துவரின் கண்காணிப்பில் வைத்தது. ஜூன் இறுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை அவரைக் கவனித்த அம்மருத்துவர், அவருக்கு மனநோய் இல்லை, அறிவு வளர்ச்சிக் குறையும் இல்லை, நினைவாற்றலும் நன்றாக உள்ளது எனக் கருத்துரைத்தார். அதன்பின் வழக்கு தொடர்ந்தது.

எதிர்த்தரப்பின் சார்பில் அவரைப் பரிசோதித்த மனநல மருத்துவரோ, அவர் நெடுநாளாக மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர் எனச் சாட்சியம் அளித்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. ராமன் ராகவ் மேல்முறையீடு செய்ய மறுத்துவிட்டார்.

இந்தியச் சட்டப்படி மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தல் வேண்டும். அதற்கு முன், அவருடைய மனநிலையை ஆராய மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட சிறப்புக் குழு ஒன்றை அமைக்குமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அக்குழு அவரை ஐந்து முறை சந்தித்தது. ஒவ்வொரு சந்திப்பும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடித்தது.

அச்சந்திப்புகளில் ஒரு தனி உலகம் வெளிப்பட்டது. உலகங்கள் இரண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். ஒன்று ‘கானூன்’ எனப்படும் சட்டத்தின் உலகம். மற்றது தாம் வாழ்ந்த இவ்வுலகம். தாம் கானூனின் பிரதிநிதி, ஒரு சக்தி எனக் கருதினார். தம்மைப் பெண்ணாக மாற்றப் பிறர் சதி செய்வதாகவும், தாம் கானூனின் பிரதிநிதியாக இருப்பதால் அம்முயற்சிகள் பலிக்கவில்லை என்றும் நம்பினார். நாட்டில் அக்பர் அரசு, பிரிட்டிஷ் அரசு, காங்கிரஸ் அரசு என மூன்று அரசுகள் இருப்பதாகவும், அவை தம்மைத் துன்புறுத்துவதாகவும், திருடுவதற்காக அரசே தம்மைப் பம்பாய்க்குக் கொண்டு வந்ததாகவும் கூறினார். இறுதிச் சந்திப்பின் முடிவில் மருத்துவர்கள் கைகுலுக்க முற்பட்டபோது, தீய உலகைச் சேர்ந்தவர்களைக் கானூனின் பிரதிநிதியான தாம் தொடலாகாது என்று விலகிக்கொண்டார்.

அவருக்கு நெடுநாள்பட்ட சந்தேக வகை மனச்சிதைவு நோய் இருப்பதாகக் குழு முடிவு செய்தது. 1987 ஆகஸ்ட் 4 அன்று அவருடைய மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. புனே நகரின் எரவாடா மத்தியச் சிறையில் வைக்கப்பட்டு, மனநலச் சிகிச்சை பெற்றுவந்த அவர், 1995 ஏப்ரலில் சிறுநீரகச் செயலிழப்பால் சசூன் மருத்துவமனையில் காலமானார்.

ஆக, ‘சைக்கோ’ என்னும் பட்டப்பெயரால் நாடறிந்த அவருக்கு மருத்துவக் குழு கண்ட நோய் சைக்கோபதி அன்று, மனச்சிதைவு நோய்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

மனச்சிதைவு நோயில் உண்மைக்கும் கற்பனைக்கும் இடையிலான எல்லை அழிகிறது. இல்லாத குரல்கள் கேட்கும். பிறர் தமக்கு எதிராகச் சதி செய்கின்றனர் என்னும் நம்பிக்கை வேரூன்றும்; எவ்வளவு சான்று காட்டினாலும் அது அசையாது. பேச்சு தொடர்பின்றிப் போகலாம். குளித்தல், உடுத்தல், வேலைக்குச் செல்லுதல் ஆகியவற்றில் நாட்டம் குறையும். பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். உலக அளவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சைக்கோபதி உள்ளவருக்கோ உண்மை உலகம் தெளிவாகவே தெரியும். குரல்கள் கேட்பதில்லை, மருட்சி நம்பிக்கைகளும் இல்லை. அவர்களிடம் குறைவாக இருப்பது பிறர் துன்பத்தை உணரும் தன்மையும் குற்ற உணர்வுமே. இனிமையாகப் பேசுதல், தயக்கமின்றிப் பொய் கூறுதல், பிறரைத் தம் நலத்திற்குப் பயன்படுத்துதல், பொறுப்பின்மை, அச்சமின்மை, தண்டனையிலிருந்து பாடம் கற்காமை ஆகியவை நெடுங்காலமாக, வாழ்வின் பல துறைகளிலும் காணப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நிலையை விரிவாக விளக்கினார். வெளித்தோற்றத்தில் முழு நலத்துடன் காணப்படுவதே இதன் தனித்தன்மை என்பது அவர் கண்ட உண்மை.

சைக்கோபதி உள்ள எல்லோரும் கொலையாளிகள் அல்லர். பலர் சிறைக்கே செல்லாமல், குடும்பத்திலும் பணியிடத்திலும் உறவுகளைச் சிதைத்தபடி வாழ்கின்றனர். அவ்வாறே, மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறையில் ஈடுபடுவதில்லை. அவர்களே பிறருடைய வன்முறைக்கும் ஏமாற்றுக்கும் ஆளாகும் வாய்ப்பு அதிகம். சிகிச்சை இல்லாமை, மது மற்றும் போதைப்பொருள் பயன்பாடு ஆகியவை சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. ராமன் ராகவின் வாழ்க்கை மிக அரிதான ஒன்று. அதை நோயாளிகள் அனைவருக்கும் அளவுகோலாகக் கொள்வது தவறு.

காரணங்கள் யாவை?

இரு நிலைகளுக்கும் தனியொரு காரணம் இல்லை. மனச்சிதைவு நோயில் மரபணுக் கூறுகள், மூளையின் வேதிப்பொருள் செயல்பாட்டில் ஏற்படும் மாற்றங்கள், கருக்கால மற்றும் பேறுகாலச் சிக்கல்கள், இளவயதில் கஞ்சாப் பயன்பாடு, கடும் வாழ்க்கை நெருக்கடி ஆகியவை பங்கு வகிக்கின்றன. பெற்றோர் வளர்ப்பில் செய்த தவறு இந்நோயை உண்டாக்குவதில்லை. பேய், பில்லி சூனியம், முற்பிறவிப் பாவம் ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சைக்கோபதியில் மரபுக் கூறுகளுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டென இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. பிறர் முகத்தில் தோன்றும் அச்சத்தையும் துயரத்தையும் உணர்வதில் பங்குகொள்ளும் அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் செயல்பாடு இவர்களிடம் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இளமையில் அடி, புறக்கணிப்பு, பாலியல் கொடுமை ஆகியவற்றுக்கு ஆளாதலும் இதன் வளர்ச்சிக்குத் துணை போகலாம். எனினும் துன்புற்ற குழந்தைகள் எல்லோரும் இவ்வாறு ஆவதில்லை. அன்பான ஒரு பெரியவரின் துணை பலரைக் காத்திருக்கிறது.

மதிப்பீடு எவ்வாறு செய்யப்படுகிறது?

ராமன் ராகவைக் கண்ட மருத்துவர்களின் கருத்து வேறுபாடு நமக்கு ஒரு முக்கிய உண்மையை உணர்த்துகிறது. நினைவாற்றல் நன்றாக இருத்தல், கேட்ட கேள்விக்கு விடை கூறுதல், நாளும் இடமும் அறிதல் ஆகியவை மனநோய் இல்லை என்பதற்குச் சான்றாகா. மனச்சிதைவு நோயில் இவை பெரும்பாலும் கெடாமலே இருக்கும். எண்ணங்களின் உள்ளடக்கத்தைப் பொறுமையாகக் கேட்டால்தான் நோய் வெளிப்படும். குழுவினர் ஐந்து முறை அமர்ந்து கேட்டதன் பயன் அதுவே.

சிறுவயதுத் திருட்டும் இங்கே கவனிக்கத்தக்கது. தொடர்ந்து திருடுதல் ஆளுமைக் குறைபாட்டின் அறிகுறியாகவும் இருக்கலாம். வறுமையின் விளைவாகவும் இருக்கலாம். ஒரே செயல் பல மூலங்களிலிருந்து பிறக்கும். ஆகவே ஒரு செயலை மட்டும் கொண்டு நோய்ப்பெயர் சூட்டலாகாது.

சைக்கோபதி என்பது தற்போதைய அமெரிக்க மனநலக் கையேட்டில் தனி நோய்ப்பெயராக இடம்பெறவில்லை. அதற்கு நெருங்கிய நிலை சமூக விரோத ஆளுமைக் கோளாறு எனப்படுகிறது. 18 வயது நிறைந்தவருக்கு மட்டுமே இது கூறப்படும். 15 வயதுக்கு முன்னரே நடத்தைக் கோளாறு தொடங்கியிருத்தல் வேண்டும். மனச்சிதைவு நோயின் போது மட்டும் தோன்றும் செயல்கள் இதில் சேரா. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு, ஆளுமைக் கோளாற்றின் தீவிரத்தை முதலில் மதிப்பிட்டு, பின்னர் அதன் மேலோங்கிய பண்புகளைக் குறிப்பிடுகிறது.

சைக்கோபதியை அளவிடக் கனடா நாட்டு உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய சரிபார்ப்புப் பட்டியல் பயன்படுகிறது. அதில் 20 கூறுகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30 என்னும் எல்லை வழக்கத்தில் உள்ளது. பயிற்சி பெற்ற வல்லுநர், நீண்ட நேர்காணலுடன் பழைய பதிவுகளையும் ஒப்பிட்டே மதிப்பெண் வழங்குவார். இணையத்தில் கிடைக்கும் வினாப்பட்டியலை நிரப்பித் தமக்கோ துணைவருக்கோ சைக்கோபதி என முடிவு செய்தல் கூடாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. பொய், பிடிவாதம், சண்டை ஆகியவை வளர்பருவத்தில் இயல்பு. விலங்குகளைத் தொடர்ந்து வதைத்தல், தீ வைத்தல், பிறரைக் காயப்படுத்திவிட்டு வருந்தாமை ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவ ஆலோசனை பெறுதல் வேண்டும். குழந்தைக்குச் சைக்கோபதி என்று பெயரிடுதல் எந்நிலையிலும் தவறு.

சிகிச்சை

மனச்சிதைவு நோய்க்கு 1950களிலேயே குளோர்புரோமசின் என்னும் மருந்து வந்துவிட்டது. ராமன் ராகவ் காட்டிலும் நடைபாதையிலும் அலைந்த ஆண்டுகளில் இந்நோய்க்கு மருந்து இருந்தது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத்தான் ஒருவரும் இல்லை. இன்று ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் முதலிய மருந்துகள் உள்ளன. தினமும் மாத்திரை உண்ண மறுப்போருக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தும் ஊசி மருந்தும் உண்டு. பிற மருந்துகள் பயன் தராதபோது குளோசபின் கொடுக்கப்படும். அதற்கு முறையான இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. உடல் எடை கூடுதல், உடல் விறைப்பு, கை நடுக்கம், மிகு தூக்கம் போன்ற பக்க விளைவுகள் தோன்றினால் மருந்தைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற இயலும். எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை. குடும்ப ஆலோசனையும் தொழிற்பயிற்சியும் மருந்துக்குத் துணை நிற்கும்.

சைக்கோபதியைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் ஒன்றும் செய்ய இயலாது என்பது பழைய எண்ணம். உடனிருக்கும் மனச்சோர்வு, போதைப் பழக்கம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சினத்தையும் திடீர் உந்துதலையும் அடக்கக் கற்பிக்கும் நெடுநாள் உளவியல் பயிற்சி சிலரிடம் தீங்கான நடத்தையைக் குறைக்கிறது. நடத்தைக் கோளாறு உள்ள சிறுவர்களிடம், பெற்றோருக்கு அளிக்கப்படும் பயிற்சி நல்ல பயன் தருகிறது. கடும் தண்டனையைவிட, நற்செயலை உடனுக்குடன் பாராட்டுதலும் உறுதியான, மாறாத விதிகளும் இக்குழந்தைகளிடம் பயன் அளிக்கின்றன.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

• நோயாளியின் மருட்சி நம்பிக்கையை வாதிட்டு மாற்ற முயலாதீர்கள்; ஆமோதிக்கவும் வேண்டா. அவருடைய அச்சத்தைப் புரிந்துகொண்டதை மட்டும் தெரிவியுங்கள்.

• உறக்கமின்மை, தனிமையை நாடுதல், காரணமற்ற சந்தேகம், தனக்குத் தானே பேசுதல் ஆகியவை நோய் மீளுவதன் முன்னறிகுறிகள். உடனே மருத்துவரை அணுகுங்கள்.

• நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்த தீ விபத்தில், பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி உயிரிழந்தனர் என்பதை மறவாதீர்கள்.

• வழிபாடு மனத்திற்கு ஆறுதல் தரலாம். ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது.

• உங்களை அச்சுறுத்தி, ஏமாற்றி, தாக்கும் ஒருவருடன் வாழ்ந்து வந்தால், அவருக்கு நோய்ப்பெயர் தேடுவதைவிட உங்கள் பாதுகாப்பும் குழந்தைகளின் பாதுகாப்புமே முதன்மையானவை. பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம்.

• பராமரிப்பவரும் சோர்வடைவர். உங்களுக்காகவும் ஆலோசனை பெறத் தயங்காதீர்கள்.

உதவி பெறும் இடங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியான புதுக்கடை சுற்றுவட்டாரத்தில் வாழ்வோர், முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகலாம். மேல் சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் சிகிச்சையும் ஆலோசனையும் வழங்கப்படுகின்றன. டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104. அவசர ஊர்திக்கு 108.

நம் பகுதிப் பேச்சுவழக்கில் மனநோயாளியை ‘வட்டு’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திரைப்படம் பார்த்துவிட்டு ‘சைக்கோ’ என்றும் கேலி செய்கிறோம். அச்சொல்லைக் கேட்டு அஞ்சும் குடும்பம், மகனையோ மகளையோ வீட்டுக்குள் மறைத்து வைக்கிறது. மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சை தள்ளிப்போகிறது. ராமன் ராகவின் நோயைக் கண்டறிய ஒரு மரண தண்டனையும் மூன்று மருத்துவர்களும் தேவைப்பட்டனர். உங்கள் வீட்டில் ஒருவருடைய நோயைக் கண்டறிய, அவரோடு மருத்துவமனைக்குச் செல்ல ஒருவர் இருந்தால் போதும்.